வேலை வாங்குவதும் வேலையில் பங்கு கொடுப்பதும்

(கொல்லிமலையில் கூடிய குடும்ப அன்பர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மேலாண்மை முறையும் பணியாளர் ஊக்கமும்' என்னும் பொருளில் பேசுமாறு அறக்கட்டளையினர் என்னைப் பணித்துள்ளார்கள். இது பெரிய ஆலைகளுக்கும் கணினி நிறுவனங்களுக்கும் உரிய செய்தி, நமக்கு இதனால் ஆவதென்ன என்று எவரும் எண்ண வேண்டா. நம் குடும்பங்களில் நிலம் வைத்து உழுவிப்போர் இருக்கிறார்கள். பள்ளித் தலைமையாசிரியர்களாகவும் வங்கிக் கிளை மேலாளர்களாகவும் அமர்ந்திருப்போர் இருக்கிறார்கள். நான்கு ஆட்களை வைத்துக் கடை நடத்துவோர் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளோ சென்னையிலும் பெங்களூரிலும் பிறர் மேற்பார்வையில் பணி செய்கிறார்கள். ஆக, வேலை வாங்கும் இடத்திலும் நாம் இருக்கிறோம். வேலை செய்யும் இடத்திலும் நாம் இருக்கிறோம். இரண்டு இடத்து உண்மையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊர்களில் இன்று அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. "ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் மனம் வைத்துச் செய்வதில்லை" என்பது அது. இதன் முற்பகுதிக்கு ஊரைவிட்டு வெளியேறும் இளைஞர்களும் நகரத்துக் கூலியும் காரணமாகலாம். பிற்பகுதிக்குக் காரணம் யார்? மனம் வைப்பது வேலை செய்பவரின் குணமா, அல்லது வேலை வாங்குபவரின் முறையா? இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள்முன் வைத்து ஆராய விரும்புகிறேன். விடையைத் தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் கூடியிருக்கும் இம்மலையிலேயே தொடங்கலாம்.

வல்வில் ஓரி ஆண்ட இக்கொல்லிமலை, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து சேரும் மலை. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்தார்கள். பின்னர், சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்கென மரவள்ளி பரவியது. நியாயவிலைக் கடையில் அரிசியும் கிடைத்தது. சிறுதானிய வயல்கள் சுருங்கின. இதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சாமையின் உமி எளிதில் நீங்குவதன்று. பகலெல்லாம் வயலில் உழைத்த பெண், வீட்டுக்கு வந்து அதனை உரலிலிட்டுக் குத்திப் புடைத்தால்தான் அடுப்பில் உலை வைக்க முடியும். தானியம் உடலுக்கு நல்லது என்று எத்தனை பேர் அறிவுரை கூறினாலும், குத்தும் கை ஓய்ந்து போனால் விதைக்கும் கையும் ஓய்ந்துதான் போகும்.

1988-இல் சென்னையில் தொடங்கப் பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990-களிலிருந்து இம்மலையில் இப்பயிர்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டது. அவர்கள் செய்தவற்றுள் நமக்குப் பாடமாவது அவர்கள் மேற்கொண்ட முறை. எந்த வகை விதை நல்லது என்று விஞ்ஞானிகள் மட்டும் முடிவு செய்து கொடுத்துவிடவில்லை. வகைகளை உழவர்களின் வயலிலேயே விளைவித்து, அவர்களே பார்த்துத் தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்களில் அமைத்தபோது, அவற்றை நடத்தும் பொறுப்பை மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஏற்றன. விதை வங்கிகளையும் ஊரார் பேணினார்கள். நாளடைவில் குழுக்கள் ஒன்றுகூடி, தானியத்தை மாவாகவும் பிற பண்டங்களாகவும் ஆக்கி விற்கும் கூட்டமைப்பாகவும் வளர்ந்தன.

இதே இயந்திரத்தை ஒரு முதலாளி கொண்டுவந்து நிறுவி, இதே பெண்களைக் கூலிக்கு அமர்த்தியிருந்தாலும் உமி நீங்கியிருக்கும். வேறுபாடு எங்கே? கூலிக்கு வந்தவருக்குக் கல் கலந்த தானியம் மேற்பார்வையாளரின் கவலை. குழுவில் இருப்பவருக்கோ அது தம் பெயர் தாங்கிய பையின் கவலை. இயந்திரம் பழுதானால் ஒருவருக்கு அன்று ஓய்வு; மற்றவருக்கு அன்று இழப்பு. செய்யும் வேலை ஒன்றுதான். அதனைப் பற்றிய முடிவு யாருடையது என்பதில்தான் மனம் மாறுகிறது.

"எல்லோரையும் உரிமையாளர் ஆக்கிவிட முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. ஆகவே, கூலி வேலையாகவே இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இம்மலைத் தோட்டங்களில் நிழல் மரங்களின்கீழ் காபி விளைகிறது. காபிக் கொத்தில் எல்லாப் பழங்களும் ஒருசேரப் பழுப்பதில்லை. சிவந்ததைப் பறித்துப் பச்சையை விட்டுவிட வேண்டும்; சில நாள் கழித்து மீண்டும் அதே செடிக்கு வர வேண்டும். இப்பொழுது, கிலோவுக்கு இவ்வளவு என்று மட்டும் கூலி பேசினால், பறிப்பவரின் கை சிவப்பையும் பச்சையையும் சேர்த்தே உருவும். எடை கூடும், சுவை கெடும். நாள் கூலி என்றால் கை மெதுவாகும். இரண்டையும் தடுக்க மேஸ்திரியை நிறுத்தலாம். ஆனால் ஒவ்வொரு செடிக்கும் ஒரு மேஸ்திரி நிற்க இயலாது. ஆக, நல்ல காபி என்பது எவரும் பாராத நேரத்தில் பறிப்பவர் எடுக்கும் சிறு முடிவுகளின் தொகுப்பாகும்.

நம் ஊர்களிலும் இதுவே நிலை. நாம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையைப் பறிக்கும்போது, மண்ணுக்குள் எத்தனைக் காய் தங்கிவிடுகிறது என்பதை வரப்பில் நிற்பவர் அறிய மாட்டார். பறிக்கும் கைக்குத்தான் தெரியும். கண்காணிப்பு எட்டாத இடத்தில் எட்டுவது மனம் ஒன்றே.

கண்காணிப்பு நீங்கியபின் என்ன நடக்கிறது என்பதையே நேரில் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஐயோவாவில் கர்ட் லெவின் என்னும் உளவியலறிஞர், லிப்பிட், வைட் என்னும் இருவரோடு சேர்ந்து செய்த ஆய்வு 1939-இல் வெளிவந்தது. பத்து, பதினொரு வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்தல் போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தாமே கட்டளையிட்டார். இன்னொரு வகைத் தலைவர் சிறுவர்களோடு கலந்து பேசி, அவர்களைக்கொண்டே முடிவு செய்வித்தார். மூன்றாம் வகைத் தலைவர் எதிலும் தலையிடாமல் விட்டுவிட்டார்.

கட்டளையிடும் தலைவர் அருகில் இருந்தவரை வேலை நன்றாகவே நடந்தது. அளவில் சற்று மிகுதியாகவும் நடந்தது. ஆனால் அவர் அறையைவிட்டு வெளியே சென்றதும் வேலை தளர்ந்தது. அச்சிறுவர்களிடையே சோர்வோ சண்டையோ காணப்பட்டது. கலந்து பேசும் தலைவர் வெளியே சென்றபோதோ, வேலை பெரும்பாலும் தடையின்றித் தொடர்ந்தது; செய்த பொருளிலும் புதுமை இருந்தது. எதிலும் தலையிடாத தலைவரின் குழுவில் வேலை குறைவாகவும் தரம் தாழ்ந்தும் இருந்தது. இம்மூன்றாவது முடிவை நாம் மறந்துவிடலாகாது. பொறுப்பைப் பகிர்தல் வேறு, பொறுப்பைக் கைவிடுதல் வேறு. "உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் சென்று அமர்பவர் உரிமை கொடுத்தவர் ஆகார்; கடமையிலிருந்து விலகியவரே ஆவார்.

சிறுவர் குழுவில் கண்டது ஆலையில் பொருந்துமா? இதற்கு விடையாக நம் நாட்டிலேயே, அதுவும் சமண மரபில் வந்த ஒரு குடும்பத்தின் ஆலையிலேயே, உலகறிந்த சோதனை ஒன்று நடந்தது. ஆமதாபாத்தின் சாராபாய் குடும்பத்தைப் பற்றித்தான் கூறுகிறேன்.

அக்குடும்பத்தின் வரலாற்றில் முதலில் 1918-ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். ஊதிய உயர்வு கோரி ஆமதாபாத் நெசவாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆலை உரிமையாளர்கள் தரப்பில் முன்னின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர்கள் தரப்பில் நின்றவர் அவருடைய உடன்பிறந்த தமக்கை அனசூயா சாராபாய். உரிமையாளர்கள் 20 விழுக்காடு என்றார்கள். தொழிலாளர்கள் 35 விழுக்காடு என்றார்கள். காந்தியடிகள் மார்ச்சு மாதத்தில் உண்ணாநோன்பு மேற்கொண்டபின் வழக்கு நடுவரிடம் சென்றது. முடிவில் 35 விழுக்காடே கிடைத்தது. 1920-இல் அனசூயா அம்மையாரின் முன்முயற்சியில் ஆமதாபாத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று.

அன்றைய கேள்வி கூலி. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1953-இல், அதே குடும்பத்தின் காலிகோ ஆலையில் எழுந்த கேள்வியோ வேறு. தானியங்கித் தறிகளை நிறுவியிருந்தார்கள். ஆயினும் எதிர்பார்த்த அளவு துணி கிடைக்கவில்லை. லண்டன் தாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் அக்கூடத்தை ஆராய்ந்தார். 224 தறிகள் கொண்ட அந்தக் கூடத்தில் வேலையைப் பன்னிரண்டு வகையாகத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். நெய்பவர் ஒருவர், ஊடை நூல் நிரப்புபவர் ஒருவர், எண்ணெய் விடுபவர் ஒருவர், துணியை எடுத்துச் செல்பவர் ஒருவர் என ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண்ணிக்கையில் தறிகள். ஒருவர் வேலை மற்றவர் வேலையை நம்பியிருந்தது. ஆனால் இவர்கள் ஒரு குழுவாக இல்லை. ஒரு தறி நின்றால் அது எவருடைய தறி என்று சொல்ல ஆளில்லை.

குறிப்பிட்ட சில தறிகளுக்கு ஒரு சிறு குழுவே முழுப்பொறுப்பு ஏற்கட்டும் என்னும் எண்ணம் முன்வைக்கப்பட்டது. அதைத் தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் உடனே தமதாக்கிக்கொண்டு, தம்முள் யார் யாரோடு சேர்வது என்பதைத் தாங்களே தேர்ந்துகொண்டார்கள் என்பது வியப்பான செய்தி. தொடக்கத் தடுமாற்றங்களுக்குப் பின் துணியின் அளவு உயர்ந்தது, பழுது குறைந்தது. தறியும் நூலும் ஆட்களும் முன்பிருந்தவையே. வேலையை வகுத்த முறைதான் மாறியது.

இதைக் கேட்டு, எல்லாம் முறையால்தான் விளைந்தது என்று முடிவு கட்டிவிடுவதும் பிழையாகும். அத்தொழிலாளர்களின் வருமானமும் அப்பொழுது உயர்ந்தது. ஊக்கத்தில் கூலியின் பங்கு எவ்வளவு, முறையின் பங்கு எவ்வளவு என்று தராசில் நிறுத்துச் சொல்ல இயலாது. மேலும், 1970-ஐ ஒட்டி அங்கு மீண்டும் ஆராய்ந்தபோது ஒரு கூடத்தில் குழு முறை ஏறத்தாழ அப்படியே நிலைத்திருந்தது. பிறிதோரிடத்தில் அது சிதைந்திருந்தது. நல்ல முறையை ஒருமுறை அமைத்துவிட்டால் அது தானே நிலைத்துவிடாது. சந்தையும் சரக்கும் மாறும்போதெல்லாம் அதனைப் பேணியாக வேண்டும் என்பது இதன் பாடம். இம்மலையின் மகளிர் குழுக்களுக்கும், நம் சமுதாயச் சங்கங்களுக்கும் இது பொருந்தும். கணக்கு ஒருவர் கையிலேயே தங்கி, கூட்டம் கூடுவது நின்றுவிட்டால், பெயர் குழுவாக இருந்தாலும் உள்ளே பழைய முதலாளி முறையே திரும்பி வந்துவிடும்.

இன்னொரு ஐயமும் எழக்கூடும். "நம் ஆட்களிடம் போய் 'நீங்களே முடிவு செய்யுங்கள்' என்றால் திகைத்து நிற்பார்கள், 'நீங்கள் சொல்லுங்கள், செய்கிறோம்' என்பார்கள்" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. பட்னாவைச் சேர்ந்த உளவியலறிஞர் ஜெய் பி. பி. சின்ஹா இதனையே ஆராய்ந்து 1980-இல் ஒரு நூல் வெளியிட்டார். நம் நாட்டுப் பணியிடங்களில், மேலிருப்பவரிடம் உறவையும் வழிகாட்டலையும் எதிர்பார்க்கும் வழக்கம் வலிமையானது. ஆகவே அன்போடு பேணவும் வேண்டும், வேலையில் உறுதியாகவும் இருக்க வேண்டும். பணியாளர் தேர்ச்சி பெறப் பெற முடிவெடுக்கும் உரிமையை அவரிடம் படிப்படியாக விட வேண்டும் என்பது அவர் கருத்து. பிள்ளைக்கு நடை பழக்கும் தாயின் கை போன்றது இது. பிடிக்க வேண்டிய காலத்தில் பிடிக்க வேண்டும். விட வேண்டிய காலத்தில் விட வேண்டும். நம்மில் பலர் பிடிப்பதில் வல்லவர்கள், விடுவதில்தான் தயங்குகிறோம்.

இவ்விடத்தில் நம் நெறியில் உள்ள ஒன்றை எண்ணிப் பார்ப்பது தகும். உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்திற்கு நேரும் அதிசாரங்கள் ஐந்து எண்ணப்படுகின்றன. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. முதல் மூன்றையும் நாம் செய்வதில்லை என்று எளிதில் மனநிறைவு கொள்கிறோம். பின்னிரண்டும் வண்டி மாட்டுக்கு மட்டும் உரியனவா? மாலை ஆறு மணிக்கு ஒருவரை அழைத்து, நாளைக் காலைக்குள் முடிக்க வேண்டும் என்று இருவர் வேலையைக் கொடுப்பது மிகுபாரம் அன்றி வேறென்ன? உண்ண அமர்ந்தவரைக் கடையில் ஆள் வந்துவிட்டார்கள் என்று எழுப்புவது எதில் சேரும்?

இது வெறும் ஒப்புமை அன்று. அதே 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றார்கள். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் தொடக்கக் குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்பது. பெரும் இயக்கமொன்றின் தொடக்கத்தில் அமைதியாக உண்பதற்குச் சில நிமிடங்கள் வேண்டும் என்ற வேண்டுகோளும் இருந்தது. அதை முன்பே செவிமடுத்துக் கேட்டிருக்கக்கூடியவர் மேலாளர்தான்.

ஆகவே வரிசையை மாற்றிவிடலாகாது. நியாயமான கூலி, அளவான சுமை, உண்ணவும் ஓய்வெடுக்கவும் நேரம் ஆகியவை முதற்கண் வேண்டும். இவற்றைக் கொடாமல், "முடிவெடுப்பதில் உங்களுக்கும் பங்கு தருகிறோம்" என்பது பசித்தவருக்கு மாலை சூட்டுவது போலாகும். இவற்றைக் கொடுத்தபின்னும் பங்கு தராவிட்டால், கை வரும், மனம் வாராது.

இனி, நம் அளவில் என்ன செய்யலாம்? பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பணியிடத்தைப் பற்றி மூன்று கேள்விகளை உண்மையாகக் கேட்டுப் பார்த்தால் போதும்.

முதலாவது, நான் இல்லாத நாளில் வேலை எப்படி நடக்கிறது? நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடப்பதில்லை என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. லெவின் கண்டதை நினைத்தால் அது பெருமைக்குரியது அன்று என்பது விளங்கும்.

இரண்டாவது, தவறு நேர்ந்தால் அதை எனக்கு முதலில் சொல்பவர் யார்? செய்தவரே வந்து சொன்னால் அவ்விடத்தில் அச்சம் இல்லை. மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்தால், நம் சினம் அங்கே பல செய்திகளை மறைத்துக் கொண்டிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, பணியாளர் ஒருவர் சொன்னதற்காக நான் கடைசியாக எதை மாற்றினேன்? ஒன்றும் நினைவுக்கு வரவில்லையென்றால், நாம் கேட்பதே இல்லை. அல்லது கேட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். கருத்துக் கேட்டுவிட்டு ஒன்றையும் மாற்றாதவரிடம் அடுத்த முறை எவரும் வாய் திறப்பதில்லை.

நடவுக்கு வரும் பெண்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி, தமக்குள் ஆள் சேர்த்து, தாமே கூலியைப் பகிர்ந்துகொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். எந்தக் கழனியை முதலில் நடுவது, எத்தனை மணிக்குத் தொடங்குவது என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். நாற்றின் வயதையும் நீரின் அளவையும் பற்றி அவர்கள் சொல்வதற்கும் ஏதேனும் இருக்கும். கடையில் எந்தச் சரக்கு தேங்குகிறது என்பதை எடுத்துக் கொடுக்கும் பிள்ளைதான் முதலில் அறிவான். பள்ளியில் எந்த மாணவன் பின்தங்குகிறான் என்பதைத் தலைமையாசிரியரின் பதிவேட்டுக்கு முன்பே வகுப்பாசிரியர் அறிவார். இவர்களிடம் கேட்பதற்குப் பணம் செலவாவதில்லை. கேட்பதற்குத் தடையாக நிற்பது ஒன்றே; அது 'எனக்குத் தெரியாததா?' என்னும் மானம்.

தசலட்சண பர்வத்தில் உத்தம க்ஷமையை அடுத்து, இரண்டாவதாக உத்தம மார்தவத்தை வைத்துப் போற்றுகிறோம். சினம் அடங்கியபின் செருக்கு அடங்க வேண்டும் என்பது அந்த வரிசை. கோயிலில் கைகூப்பி நிற்கும்போது மார்தவம் எளிது. நம்மிடம் கூலி பெறுபவர் நம்மைவிட நன்றாக அறிந்த ஒன்றைச் சொல்லும்போது அதை ஏற்பதே அரிது. பணியிடம் அவ்விரதம் சோதிக்கப்படும் இடம்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். இன்று நீங்கள் பிறர்கீழ்ப் பணி செய்கிறீர்கள். நாளை உங்கள்கீழ்ப் பிறர் பணி செய்வார்கள். உங்களை வருத்தும் முறை எது, உங்களை எழுப்பி நிறுத்தும் முறை எது என்பதை இப்பொழுதே குறித்து வையுங்கள். நாற்காலி மாறியபின் அக்குறிப்பே உங்களுக்கு நல்ல ஆசானாகும்.

நாளை மலையிறங்கும் முன், செம்மேட்டுக் கடைகளில் கிடைக்கும் சாமை அரிசியை ஒரு பையேனும் வாங்கிச் செல்லுங்கள். வீட்டில் அதனை உலையிலிடும்போது, நம் நிலத்தில், நம் கடையில், நம் அலுவலகத்தில் உழைக்கும் ஒருவரிடம் இந்த வாரம் எந்த முடிவை விட்டுக்கொடுக்கலாம் என்று குடும்பத்தோடு பேசுங்கள். அந்தப் பேச்சு ஒரு வீட்டில் நடந்தாலும் இவ்வுரைக்குப் பயன் கிட்டியதாகக் கொள்வேன்.